தண்ணீர்ப் பந்தலின் மறுபாதி

சித்திரைத் திருவிழா நாள்களில் அழகர்கோவிலிலிருந்து மதுரை வரையிலான ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழிநெடுக நீர்மோர், பானகப் பந்தல்கள் நிற்கும். இவற்றை அறச்செயலாக மட்டுமே காண்கிறோம். அவற்றுள் நல்ல உடலியல் அறிவும் இருக்கிறது.

வியர்வையில் நீரோடு உப்பும் வெளியேறுகிறது. மணிக்கணக்கில் வியர்த்தவர் வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, மனக்குழப்பம் வரை போகக்கூடும். மோரில் இடும் உப்பு அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. பானகத்தில் வெல்லத்தோடு ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தால் இன்னும் நன்று. குளுக்கோஸ் உடனிருந்தால் சிறுகுடல் சோடியத்தையும் அதன் பின்னே நீரையும் விரைந்து உறிஞ்சுகிறது. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலநபிஸ் காலரா நோயாளிகளைக் காத்த உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படையும் இதுவே. (உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உப்பைக் கூட்ட வேண்டும்.)

ஆனால், தண்ணீர் அருகில் இருப்பதாலேயே எல்லோரும் குடித்துவிடுவதில்லை. மாசி வீதிகளின் நடைபாதையில் பூவும் பழமும் விற்கும் பெண்களிடம் பேசியிருக்கிறேன். பந்தல் பத்தடியில் இருக்கும், குவளையைத் தொடமாட்டார்கள். குடித்தால் எங்கே போவது என்பதே அவர்களது கேள்வி. காலையில் ஒரு காப்பி, பிறகு இரவு வீடு திரும்பும்வரை நாவை நனைப்பதோடு சரி. விளக்குத்தூண் பகுதி ஜவுளிக் கடைகளில் பணிபுரியும் பெண்கள் சிலரும் இதையே சொன்னார்கள். நாள்தோறும் இப்படி நீரைக் குறைத்து, வருவதையும் அடக்கிவைத்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் சிறுநீரகக் கல்லும் எளிதில் வரும். சிறுநீர் அடர்மஞ்சளாக இறங்குவது உடல் தரும் முன்னெச்சரிக்கை. அதைப் பார்த்துவிட்டு ‘சூடு’ என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களே நம்மிடம் அதிகம்.

கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2024-இல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் கோடைதோறும் பந்தல் திறப்பவர்கள், கட்சிக்காரர்களாயினும் மாநகராட்சியாயினும், அதன் அருகே பெண்களுக்கான கழிப்பறை உண்டா என்று பார்ப்பதில்லை. வரும் பங்குனிக்குள் மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் கட்டணமில்லாத, தண்ணீர் வரும், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறைகளை மாநகராட்சி அமைக்கட்டும்; பந்தல்களை அவற்றுக்கு அருகில் போடட்டும்.