நடுத்தீர்ப்பாளரின் அதிகாரம் எதுவரை?

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ கடைத்தொகுதியொன்றைக் கட்டுவிக்க ஒப்பந்தகாரருடன் கையொப்பமிடும் வியாபாரி, பிணக்குகள் யாவும் நடுத்தீர்ப்புக்கு விடப்படும் என்ற கடைசிப் பக்க வாசகத்தைப் பெரும்பாலும் படியாமலே விட்டுவிடுகிறார். பள்ளிவாசல் நிர்வாகத்தாரும், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையினரும் இரு தரப்பாரையும் சமாதானத்துக்குக் கொண்டுவரவே முயல்வர். நடுத்தீர்ப்பாளரோ இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பையே வழங்குபவர்.

1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, இத்தகைய வாசகம் இருக்கையில் ஒருவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால், மற்றவர் ஆட்சேபித்தாலன்றி நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் அற்றுப்போவதில்லை. ஆட்சேபியாமல் விடையளித்து விசாரணையில் இறங்கியவர் பின்னர் அதைக் கிளப்ப முடியாதென 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு தடுக்கிறது. இது நியாயமான விதியென்றே நான் கருதுகிறேன். ஏனெனில், நீதிமன்றத்தில் காற்று எப்பக்கம் வீசுகிறதென்று பார்த்திருந்துவிட்டுப் பிறகு நடுத்தீர்ப்பை நாடுவது எதிராளியின் பொருளையும் காலத்தையும் விரயமாக்குவதாகும். ஏறத்தாழ எட்டு மாதம் வழக்காடிய பின்னரே நடுத்தீர்ப்பைக் கோரிய உணவக நிறுவனமொன்றின் விஷயத்தில், உரிமை கைவிடப்பட்டதென்று கொள்வதற்கு எதிராளிக்கு நட்டம் நேர்ந்ததென நிரூபிக்க வேண்டியதில்லையென்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2022 மே 23 இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

இனி, ஒப்பந்தகாரர் மிகுதிப் பணத்தைக் கேட்டு நடுத்தீர்ப்பாளரிடம் சென்றபின், சுவரில் வெடிப்பு, வேலையில் தாமதம் என்று உரிமையாளர் புதுக் கோரிக்கைகளை எழுப்பினால், அவற்றை நடுத்தீர்ப்பாளர் விசாரிக்கலாமா? ஒப்பந்தத்திலிருந்து எழும் எல்லாப் பிணக்குகளும் என்று வாசகம் விரிந்திருந்தால் விசாரிக்கலாம். குறித்ததொரு பிணக்கு மட்டுமே ஒப்படைக்கப்பட்டிருந்தால் அவரது அதிகாரம் அதனோடு முடிகிறது. முன்னறிவித்தலில் சொல்லப்படாத எதிர்க்கோரிக்கையையும் நடுத்தீர்ப்பாளர் ஏற்கலாமென, கோவா மாநில அரசுக்கும் பிரவீன் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2011 இல் இந்த வேறுபாட்டை வைத்தே முடிவுசெய்தது.

இலங்கையில் தமது நியாயாதிக்கத்தைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரத்தை 11 ஆம் பிரிவு நடுத்தீர்ப்பாளருக்கு அளிக்கிறது. அவ்விஷயத்தை மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லவும் வழியுண்டு. எல்லை மீறிய தீர்ப்பில், மீறிய பகுதியைப் பிரித்தெடுக்க இயலுமாயின் அதுமட்டுமே தள்ளப்படும். ஆனால் தீர்ப்புக் கைக்குக் கிடைத்து 60 நாட்களுக்குள் 32 ஆம் பிரிவின்கீழ் மேல் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதலால் அழைப்பாணை வந்த அன்றே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் செல்லுங்கள்.