கீரையும் கனியும் குருதியும்

நுழையும்முன்

உடற்சோர்வுக்கு உழைப்பு ஒன்றே காரணம் என்று கருதுவது வழக்கம். அச்சோர்வுக்குப் பின்னால் உணவுக்குறையும் மறைந்திருக்கலாம். பின்னலாடைத் தொழில் செழித்துள்ள திருப்பூர்ப் பகுதியின் வாழ்க்கைமுறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எளிய கீரைகளும் கனிகளும் குருதியை வளப்படுத்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பின்னலாடை நகரின் உழைப்பு

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கினை வழங்கும் நகரமாகும். நூலைத் துணியாகப் பின்னுதல், சாயமிடுதல், வெட்டுதல், தைத்தல், பிசிர் நீக்குதல், சரிபார்த்தல், தேய்த்து மடித்தல் எனப் பல நிலைகளைக் கடந்தே ஒரு பனியன் முழுமை பெறுகிறது. தையலிலும் பிசிர் நீக்குதலிலும் சரிபார்த்தலிலும் பெண்கள் பெருமளவில் பணியாற்றுகின்றனர். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் இவர்களுள் பலர்.

‘ஒன்றரை ஷிப்டு’ என்பது திருப்பூரின் அன்றாடச் சொல் வழக்கு. காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் வேலை இரவு எட்டரை மணி வரை நீள்வதை அது குறிக்கும். வீட்டு வேலைகளை முடித்துவிட்டு விரைந்து வரும் பெண்கள் காலை உணவைத் தவிர்ப்பதும் உண்டு. முற்பகலிலும் மாலையிலும் தேநீரும் பன்னும் வடையுமே பசியை ஆற்றுகின்றன. நண்பகலில் வெள்ளைச்சோறும் குழம்பும் உண்டு முடித்தவுடன் மீண்டும் ஒரு தேநீர் வந்துவிடுகிறது. இவ்வுணவால் வயிறு நிறையும்; குருதிக்கு வேண்டிய சத்து நிறைவதில்லை.

இரத்தசோகை என்னும் மறைந்த நோய்

குருதியின் செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இப்புரதத்தின் நடுவே அமைந்திருப்பது இரும்பு. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும்; உயிர்வளி குறையும்; தசையும் மூளையும் தளரும். கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்களுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே ஹீமோகுளோபின் இருப்பின் அதனை இரத்தசோகை என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரண்டு பெண்களுள் ஒருவருக்கு மேல் இக்குறை உள்ளது என்பது இதன் பொருள். மாதந்தோறும் ஏற்படும் குருதியிழப்பும் வளரிளம் பருவத்தின் விரைந்த வளர்ச்சியும் பெண்களின் இரும்புத் தேவையை உயர்த்துகின்றன. 16 முதல் 18 வயதுவரை உள்ள மாணவிக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்பும், அதே வயதுடைய மாணவனுக்கு 26 மில்லிகிராம் இரும்பும் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு, வெளிறிய நகமும் இமையின் உட்புறமும், கவனக்குறைவு ஆகியன இதன் அறிகுறிகள். இவை சிறுகச் சிறுகத் தோன்றுவதால், நோயுற்றவரே அதனை நோய் என்று உணர்வதில்லை. மற்றவர்களோ அதனைச் சோம்பல் என்கின்றனர். துண்டுக்கணக்கில் கூலி பெறும் தையற்காரருக்கு இச்சோர்வு நேரடியாக வருவாய் இழப்பாகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடத்தப்பெற்று 1979ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இரும்புச்சத்து அளித்து ஹீமோகுளோபினை உயர்த்தியபோது தொழிலாளர் பறித்த கொழுந்தின் அளவும் உயர்ந்ததைக் காட்டியது. குருதியின் வளமே கையின் வேகம் என்பதற்கு இது சான்றாகும்.

ஆலைத்தொழிலாளரும் குன்னூர் ஆய்வும்

துணித்தொழிலுக்கும் இரத்தசோகைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் இந்தியாவிற்கு வந்தார். பம்பாய்த் துணியாலைகளில் பணிபுரிந்த கருவுற்ற பெண்களைத் தாக்கிய கடுமையான இரத்தசோகையின் காரணத்தை அறிவதே அவர்தம் நோக்கம். 1929ஆம் ஆண்டில் சில மாதங்கள் நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்திலும் அவர் ஆய்வு செய்தார். அந்நிறுவனத்தின் ஓர் அறையில்தான் 1918ஆம் ஆண்டில் இராபர்ட் மெக்காரிசன் உணவுக்குறை நோய்கள் பற்றிய ஆய்வைத் தொடங்கியிருந்தார். அவ்வாய்வுக்கூடமே பின்னாளில் ஐதராபாத்திற்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

கிருமியன்று, உணவுக்குறையே அந்நோய்க்குக் காரணம் என்று வில்ஸ் கண்டார். மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைக் குணப்படுத்துவதை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பெயரறியாப் பொருள் ‘வில்ஸ் காரணி’ எனப்பட்டது. 1941ஆம் ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 4 டன் ஸ்பினாச் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் ‘ஃபோலியம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். வில்ஸ் தேடிய காரணி அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் இரும்புடன் சேர்ந்திருப்பதும் அவ்விலைச்சத்தே ஆகும்.

அருகில் விளையும் சத்து

திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்கள் முருங்கைக்குப் பெயர்பெற்றவை. பல்லடம், பொங்கலூர்ப் பகுதிகளில் சின்ன வெங்காயமும், உடுமலைப்பேட்டைப் பகுதியில் தக்காளியும் மிகுதியாக விளைகின்றன. உழவர் சந்தைகளில் கீரைக்கட்டுகள் நாள்தோறும் குவிகின்றன. குறையைத் தீர்க்கும் பொருள்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.

100 கிராம் முருங்கைக்கீரையில் 4 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட இரும்பும் 300 மில்லிகிராம் அளவிற்குக் கால்சியமும் உள்ளன. ஊசிமுனையை நோக்கி உழைக்கும் கண்களுக்கு வேண்டிய பீட்டா கரோட்டினும் இதில் மிகுதி. தண்டுக்கீரை, சிறுகீரை ஆகியனவும் இரும்பும் ஃபோலேட்டும் உடையவை. கொங்கு நாட்டின் பழைய உணவுகளான கொள்ளும் கம்பும் இவ்வகையில் சிறந்தவை. இவற்றில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உண்டு. கொள்ளுப்பருப்பும் கம்பஞ்சோறும் உண்ட இல்லங்களில் தீட்டிய வெள்ளரிசி மட்டுமே இடம்பெறும்போது, இவ்விரும்பு தட்டிலிருந்து மறைகிறது.

இரும்புக்குத் துணைநிற்கும் கனிகள்

உணவில் இரும்பு இருப்பது ஒன்று. அது குருதியைச் சேர்வது மற்றொன்று. இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பின் ஒரு பகுதி எளிதில் உட்கிரகிக்கப்படுகிறது. தாவர உணவின் இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே குருதியைச் சேர்கிறது. அது பெரும்பாலும் ஃபெரிக் நிலையில் இருப்பதும், தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் அதனைப் பிணைத்துக்கொள்வதும் இதற்குக் காரணங்கள்.

இத்தடையை நீக்க வல்லது வைட்டமின் சி. அது ஃபெரிக் இரும்பை எளிதில் கரையும் ஃபெரஸ் நிலைக்கு மாற்றிக் குடலில் உட்கிரகிக்கச் செய்கிறது. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியும் ஏழை எளியோர் வாங்கவல்ல கொய்யாவும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உடையவை. ஆரஞ்சினும் இது பன்மடங்கு மிகுதி. ஆயினும் கனியை வேறொரு வேளையில் உண்பதனால் இவ்வுதவி கிட்டாது. இரும்புள்ள உணவோடு சேர்த்து உண்பதே பயன் தரும். கீரைக் கடைசலில் பிழிந்த எலுமிச்சையும், கொள்ளுப்பருப்பை அடுத்து உண்ட ஒரு கொய்யாவும் தட்டில் உள்ள இரும்பின் மதிப்பைக் கூட்டுகின்றன. ஊறவைத்தலும் முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் பைட்டேட்டைக் குறைக்கின்றன.

தேநீரின் செயல் இதற்கு நேர்மாறானது. தேயிலையில் உள்ள டானின் போன்ற பாலிபீனால்கள் இரும்புடன் இணைந்து அதனை உட்கிரகிக்க இயலாததாக்குகின்றன. உணவோடு அருந்தும் தேநீர், தாவர இரும்பு உடலில் சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். இதனாலேயே உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரையும் காப்பியையும் தவிர்க்குமாறு 2024ஆம் ஆண்டின் தேசிய உணவு வழிகாட்டி நெறிகள் அறிவுறுத்துகின்றன. தேநீரைக் கைவிட வேண்டியதில்லை; அருந்தும் வேளையை மாற்றினால் போதும்.

தெரிந்து தெளிவோம்

மாதுளையும் பீட்ரூட்டும் செந்நிறம் உடையவை என்பதால் குருதியைப் பெருக்கும் என்று பலர் நம்புகின்றனர். 100 கிராம் மாதுளை முத்துகளில் உள்ள இரும்பு 0.3 மில்லிகிராம் அளவே. பீட்ரூட்டில் உள்ளது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. பீட்ரூட்டின் நிறத்திற்குக் காரணம் பீட்டாலைன் என்னும் நிறமி. அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் தொடர்பில்லை. பீட்ரூட்டில் ஃபோலேட் உள்ளதால் அது நல்ல உணவே. ஆயினும் விலையுயர்ந்த மாதுளையை நாடி முருங்கைக்கீரையைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது.

சமைக்கும் முறை

வைட்டமின் சியும் ஃபோலேட்டும் நீரில் கரைபவை. நெடுநேர வெப்பத்தில் சிதைபவை. எனவே கீரையை முதலில் கழுவிப் பின்னரே நறுக்க வேண்டும். குறைந்த நீரில், மூடிய கலத்தில், குறைந்த நேரம் வேகவைத்தல் நன்று. வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல் இரசத்தில் சேர்க்கலாம். இருப்புச் சட்டியில் புளிப்புள்ள உணவைச் சமைக்கும்போது சிறிதளவு இரும்பு உணவில் கலப்பதும் உண்டு.

இயற்கை மருந்தின் எல்லை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் பெரும்பகுதி உணவின் அளவையும் பொருத்தத்தையுமே பேசுகிறது. இறுதிக் குறள்கள் மருத்துவரின் கடமையை எடுத்துரைக்கின்றன. உணவும் மருத்துவரும் தத்தம் இடத்தில் தேவை என்பதே அவ்வைப்புமுறையின் பாடம். சுக்கும் மிளகும் இஞ்சியும் சளி, செரியாமை போன்ற சிறு தொல்லைகளில் இதம் அளிக்கும். டெங்குக் காய்ச்சல் பரவிய காலங்களில் தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. ஆனால், அதனை மட்டும் அருந்திவிட்டுக் குருதிப் பரிசோதனையைத் தவிர்ப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

இரத்தசோகைக்கும் இது பொருந்தும். கொக்கிப்புழுத் தொற்று, மிகையான மாதவிடாய்ப் போக்கு, பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் கிடைக்கும் வைட்டமின் பி12 குறைபாடு, பிறவியில் வரும் தலசீமியா எனக் காரணங்கள் பல. கடுமையான இரத்தசோகையைக் கீரை மட்டும் விரைவில் தீர்க்காது. மாத்திரையும் குடற்புழு நீக்கமும் தேவைப்படும். தலசீமியா உடையவர் பரிசோதனையின்றி இரும்பு மாத்திரை உண்பது தீங்காகவும் முடியலாம். ஆகவே, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவை அறிவதே முதற்படி. உணவு, அக்குறை மீண்டும் வாராமல் காக்கும் அரண்.

மாற்றத்தின் தொடக்கம்

உழைப்பவரிடம் மட்டும் இம்மாற்றத்தை எதிர்பார்த்தல் முறையன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்று பணியாற்றும் பெண்ணுக்குக் கீரை ஆய்ந்து சமைக்க நேரம் எங்ஙனம் கிட்டும்? ஆலையின் உணவுக்கூடத்தில் வாரத்தில் சில நாள்கள் கீரைக் கடைசலும், உணவுடன் எலுமிச்சைத் துண்டும், மாலை வேளையில் பன்னுக்கு மாற்றாகச் சுண்டலும் கொய்யாவும் வழங்குவது பெருஞ்செலவு அன்று. நண்பகல் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதற்குச் செலவே இல்லை. உலகிற்கு உடை வழங்கும் கைகள் சோர்வின்றி இயங்க, அருகில் விளையும் கீரையும் கனியும் அவர்தம் தட்டினைச் சென்றடைதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டில் ஒரு வாரம் உண்ட உணவுகளைப் பட்டியலிட்டு, இரும்பும் வைட்டமின் சியும் ஒரே வேளையில் இடம்பெற்ற நாள்களைக் குறிப்பிடுக.

2. பின்னலாடைத் தொழிலாளர்களின் உணவுக்கூடத்திற்கு ஏற்ற, செலவு குறைந்த ஒரு வார உணவுப்பட்டியலைக் குழுவாக உருவாக்குக.

3. ‘நிறத்தைக் கண்டு சத்தை மதிப்பிடலாகாது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.