புல்லட் விசையுந்துப் பராமரிப்பு (வார்ப்பிரும்புப் பொறி)

வார்ப்பிரும்புப் பொறி புல்லட் என்பது ராயல் என்பீல்டு நிறுவனத்தின் புல்லட் வகை விசையுந்துகளில் (மோட்டார் சைக்கிள்), வார்ப்பிரும்பால் ஆன உருளையைக் கொண்ட பழைய வகையைக் குறிக்கும். இவ்வகை வண்டிகள் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் உருவாக்கப்பட்டன. உற்பத்தி நின்ற பின்னரும் இவற்றில் பல நெடும்பயணங்களுக்குப் பயன்பட்டு வருகின்றன. சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் சாலை அத்தகைய பயணத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இப்பொறியில் மின்னணுக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. பெரும்பாலான பாகங்களைச் சாதாரணத் திறப்பான்களைக் கொண்டே (ஸ்பேனர்) கழற்றவும் சரிசெய்யவும் முடியும். அதே காரணத்தால், புதிய வண்டிகளில் தாமாகவே நடைபெறும் பல சீரமைப்புகளை இதில் உரிமையாளரே உரிய காலத்தில் செய்ய வேண்டியுள்ளது. இவற்றுள் எண்ணெய், பிரேக் ஆகிய இரண்டிலும் காட்டும் கவனக்குறைவே பெருஞ்செலவுக்கும் விபத்துக்கும் இட்டுச் செல்கின்றது.

வரலாறு

புல்லட் என்னும் பெயர் 1930-களில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான விசையுந்துகளுக்கு முதன்முதலில் இடப்பட்டது. இந்தியப் படையின் தேவையை ஒட்டி 1950-களில் இவ்வண்டி இந்தியாவுக்கு வந்தது. 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பொருத்தப்பட்டன. பின்னர் படிப்படியாக எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாக்கப்பட்டன.

இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு உற்பத்தி 1970-ல் முடிவுக்கு வந்தது. சென்னையில் உற்பத்தி தொடர்ந்ததால், 1950-களின் வடிவமைப்பு பெரிய மாற்றமின்றி நீடித்தது. 1994-ல் நிறுவனம் ஐச்சர் குழுமத்தின் கீழ் வந்தது. 2000-களின் இறுதியில், பொறியும் பல்லிணைப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய வகைப் பொறி அறிமுகமானது. அதைத் தொடர்ந்து வார்ப்பிரும்புப் பொறியின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

பொறியின் அமைப்பு

350 வகைப் புல்லட்டின் உருளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தொலைவு 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். 500 வகையில் விட்டம் 84 மி.மீ. ஆகவும் கொள்ளளவு 499 கன செ.மீ. ஆகவும் உள்ளன. இரண்டும் நான்கு வீச்சு, ஒற்றை உருளைப் பொறிகள். உருளை வார்ப்பிரும்பால் ஆனது. அதன் மேலுள்ள தலைப்பகுதியும் பிஸ்டனும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை.

பிஸ்டன் நகரும் தொலைவு விட்டத்தைவிட மிகுதியாக இருப்பதால், குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவிசை கிடைக்கின்றது. ஆனால் தொடர்ந்து மிகு வேகத்தில் ஓட்டுவதற்கு இவ்வமைப்பு ஏற்றதன்று. மேலும், அலுமினியம் வார்ப்பிரும்பைவிட மிகுதியாக விரிவடையும். பொறி அளவுக்கு மீறிச் சூடானால் பிஸ்டன் உருளைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். பட்டறைகளில் இதனை 'சீஸ்' ஆதல் என்பர்.

எண்ணெய்

இணைப்புத் தண்டின் கீழ்முனைத் தாங்கியில் (பிக் எண்ட்) குண்டுகளோ உருளைகளோ இல்லாமல், எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழலும் வளையம் ஒன்று உள்ளது. எண்ணெய் தடைப்பட்டாலோ அழுக்கடைந்தாலோ முதலில் கெடுவது இப்பாகமே. இதனை மாற்றுவதற்குப் பொறி முழுவதையும் பிரிக்க வேண்டும்.

எண்ணெய், பொறிக் கூட்டின் ஒரு பகுதியாகவே அமைந்த தொட்டியில் இருக்கும். ஓர் எக்கி அதனைப் பாகங்களுக்கு அனுப்ப, மற்றோர் எக்கி மீண்டும் தொட்டிக்குக் கொண்டு வருகின்றது. வண்டி பல நாட்கள் நின்றிருந்தால், தொட்டி எண்ணெய் மெல்லக் கசிந்து மாற்றச்சு அறைக்குள் இறங்கிவிடும். அந்நிலையில் அளவுகோல் மட்டம் குறைந்ததாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் எண்ணெய் அளவுக்கு மிகும். எனவே பொறியைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்திய பின்னரே மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கோடைக்கு 20 டபிள்யூ 50 தர எண்ணெய் பொதுவாகப் பயன்படுகின்றது. 2000 முதல் 3000 கி.மீ.க்கு ஒருமுறை, பொறி சூடாக இருக்கும்போது எண்ணெயை வடித்து மாற்றுவது நன்று. கம்பள வடிகட்டியை மாற்றும்போது ஒரு செய்தியை மறக்கலாகாது. வடிகட்டி அறை எண்ணெயால் நிரம்பிய பின்னரே கீழ்முனைத் தாங்கிக்கு எண்ணெய் செல்லும். ஆகவே மூடியைப் பொருத்துமுன் அறையில் எண்ணெய் ஊற்றி, சாவியைப் போடாமல் கிக்கரைப் பலமுறை மிதித்த பிறகே பொறியை இயக்க வேண்டும்.

புல்லட் என்றாலே எண்ணெய் ஒழுகும் என்பது பரவலான கருத்து. பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் உண்டு. பிஸ்டன் இறங்கும்போது கூட்டுக்குள் எழும் அழுத்தம் மூச்சுக் குழாய் வழியே வெளியேற வேண்டும். அங்குள்ள ரப்பர் வால்வு இறுகிப்போனாலோ குழாய் அடைபட்டாலோ, அழுத்தம் இணைப்புகள் வழியே எண்ணெயைப் பிதுக்கும். மூச்சுக் குழாயைச் சரிபார்க்காமல் மரைகளை மேலும் முடுக்குவதால், அலுமினியக் கூட்டின் மரைப்புரிகள் கெடுவதே மிச்சம்.

உரிய காலச் சீரமைப்புகள்

கீழ்க்காணும் கால அளவுகள் பொதுவானவை. வண்டியுடன் வந்த கையேட்டில் வேறு அளவு இருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும்.

* ஒவ்வொரு பயணத்துக்கும் முன்: எண்ணெய் மட்டம், சக்கரக் காற்றழுத்தம், பிரேக், விளக்குகள், தளர்ந்த மரைகள்.
* 500 கி.மீ.க்கு ஒருமுறை: பின்செயினின் தொய்வும் மசகும், கிளட்ச், ஆக்சிலேட்டர் கம்பிகளுக்கு எண்ணெய், மின்கல நீர் மட்டம்.
* 3000 கி.மீ.க்கு ஒருமுறை: வால்வு இடைவெளி, பாயிண்ட், பிளக், காற்று வடிகட்டி, இடப்பக்க முதன்மைச் செயின்.
* ஆண்டுக்கு ஒருமுறை: பல்லிணைப் பெட்டி எண்ணெய், சக்கரத் தாங்கிகள், பிரேக் கட்டைகள், எரிபொருள் குழாய்கள்.

வால்வு இடைவெளி

இச்சீரமைப்பைப் பொறி முழுவதும் குளிர்ந்த நிலையிலேயே செய்ய வேண்டும். பிஸ்டன் அமுக்க வீச்சின் மேல்முனையில் இருக்கும்போது, உருளையின் பக்கவாட்டிலுள்ள டப்பெட் மூடியைத் திறந்து தள்ளுதண்டுகளை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தண்டு தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. பொறி சூடாகும்போது உருளை நீண்டு இடைவெளி தானாகக் கூடுவதால், குளிர்ந்த நிலையில் ஆட்டம் தேவையில்லை. இடைவெளி மிகுந்தால் தட்டும் ஓசை கேட்கும். மிகவும் இறுகினால் ஓசை வராது; ஆனால் வால்வு முழுவதும் மூடாமல் எரிந்துபோகும். எனவே ஓசை இல்லாதது மட்டுமே நல்ல நிலைக்கு அடையாளமாகாது.

பாயிண்டும் தீப்பொறிக் காலமும்

பாயிண்ட் முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளி மாறினால் தீப்பொறி தோன்றும் காலமும் மாறும். எனவே முதலில் இடைவெளியையும் அடுத்துத் தீப்பொறிக் காலத்தையும் சரிசெய்வதே முறை. 350 வகையில், பிஸ்டன் மேல்முனையை அடைய 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டுக்கு இடையே மெல்லிய தாளைச் செருகி மெல்ல இழுத்தால், அது விடுபடும் நொடியே திறக்கும் நொடியாகும்.

செயின்கள்

முதன்மைச் செயின் இடப்பக்க மூடிக்குள் எண்ணெயில் ஓடுகின்றது. அம்மூடி நடுவிலுள்ள ஒரே மரையால் பிடிக்கப்பட்டுள்ளது. இச்செயினின் தொய்வு சுமார் 6 மி.மீ. இருத்தல் வேண்டும். பின்செயினின் தொய்வு சுமார் 25 மி.மீ. இருக்கலாம். தேய்வு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இராது என்பதால், சக்கரத்தைச் சுழற்றி மிக இறுகிய இடத்திலேயே அளவிட வேண்டும்.

பொறியைக் கிளப்பும் முறை

முறையின்றி மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைக் காயப்படுத்தும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது, மின்னோட்டமானியின் முள் இடப்பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறந்தவுடன் நடுவுக்குத் திரும்பும். அப்போது பிஸ்டன் அமுக்க வீச்சின் மேல்முனைக்கு அருகில் உள்ளது. டிகம்ப்ரசர் பிடியை இழுத்துக் கிக்கரைச் சற்றே முன்னகர்த்தி, பிடியை விட்ட பின், கிக்கரை மேலே வரவிட்டு ஒரே சீராக முழுவதும் மிதிக்க வேண்டும்.

பொதுவான பழுதுகளும் காரணங்களும்

* பொறி கிளம்பவில்லை, தீப்பொறியும் இல்லை: மின்கலம் வலுவிழத்தல், பாயிண்டில் அழுக்கு, கண்டென்சர் பழுது.
* தீப்பொறி உண்டு, பிளக் உலர்ந்துள்ளது: பெட்ரோல் குழாய் அல்லது கார்புரேட்டர் ஜெட் அடைப்பு.
* பிளக் கரிபடிந்து கறுத்துள்ளது: பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருந்தால் பிஸ்டன் வளையத் தேய்வு.
* பிளக் வெளிறியுள்ளது: காற்று மிகுதி. பொறி மிகச் சூடாகும் நிலை என்பதால் உடனே கவனிக்க வேண்டும்.
* கியர் மாற்றும்போது உராயும் ஓசை: கிளட்ச் முழுவதும் விடுபடாமை. பெரும்பாலும் கம்பியின் தொய்வைச் சரிசெய்தாலே போதும்.
* பின்சக்கரம் அலைதல்: சுழல் கவையின் புஷ் தேய்வு அல்லது அச்சு ஒருபுறம் சாய்ந்திருத்தல்.

பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலும் பழைய வண்டிகளுக்கு ஒரு புதிய காரணியாகும். இந்தியாவில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக அறிமுகமானது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வகை ரப்பர் பாகங்களைச் சிதைக்கும். எனவே பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், நெடுநாள் நிறுத்தும்போது கார்புரேட்டரைக் காலிசெய்வதும் நல்லது.

நெடும்பயணம்: திருத்தணிச் சாலை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகில் அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகும். சென்னையிலிருந்து இவ்வூர் வரை சாலை பெரும்பாலும் சமவெளியே. இதற்கு அப்பால் நகரி, புத்தூர் வழியாகச் சாலை திருப்பதியை அடைகின்றது. திருத்தணிக் கோயிலுக்குப் படிவழியுடன், மலைமேல் செல்லும் வாகனச் சாலையும் உண்டு.

இப்பொறி காற்றினால் குளிர்வது. எனவே கோடையில் சமவெளியில் நெடுநேரம் விரைந்து ஓட்டுவதும், ஆடிக்கிருத்திகை போன்ற நாட்களின் நெரிசலில் நின்று நின்று செல்வதும் அதைச் சூடாக்கும். நெரிசலில் நிற்கும்போது பொறியை நிறுத்திவிடுதல் நன்று. ஓடும்போது இழுவிசை திடீரெனக் குறைந்து ஓசை மாறினால், பிஸ்டன் பிடிக்கத் தொடங்கியுள்ளது எனக் கொள்ளலாம். உடனே கிளட்சை அழுத்தி, ஓரமாக நிறுத்திப் பொறியைத் தானாக ஆறவிட வேண்டும். நீர் ஊற்றினால் உருளை விரிசல் விடக்கூடும். உருளையைக் கடைந்து புதிய பிஸ்டன் போட்ட வண்டியை, முதல் 500 கி.மீ. வரை மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் ஓட்டாதிருத்தல் இவ்விடரைத் தவிர்க்கும்.

மலையிறக்கத்தில் பொறியை நிறுத்தியோ கியரை விடுவித்தோ இறங்குவது ஆபத்தானது. பழைய புல்லட்டின் டிரம் பிரேக்குகள் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடாகிப் பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரில், பொறியின் தடையைப் பயன்படுத்தி, பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தி இறங்குவதே பாதுகாப்பானது. பழைய வண்டிகளில் கியர் வலக்காலிலும் பின்பிரேக் இடக்காலிலும் இருப்பதால், பிற வண்டிகளை ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் கியரை மிதித்துவிட வாய்ப்புண்டு. மலைச்சாலைக்கு முன் சமவெளியில் பழகிக்கொள்வது தேவையாகும்.

பயணத்தில் உடன் வைத்திருக்க வேண்டியவை: பிளக், பாயிண்ட், கண்டென்சர், கிளட்ச் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி, செயின் இணைப்பு, பியூஸ், சக்கரக் குழாய், சிறிதளவு எண்ணெய், உரிய திறப்பான்கள். இவ்வகைப் பொறிகளில் அங்குலத் திறப்பான்கள் தேவைப்படும் மரைகள் உள்ளன. பொருந்தாத மில்லிமீட்டர் திறப்பான் மரைத் தலையை உருட்டிவிடும்.

ஆவணங்கள்

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, தனியார் விசையுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியை ஆய்வுக்கு உட்படுத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காப்பீடும் மாசுச் சான்றும் எக்காலத்தும் கட்டாயமாகும்.

எல்லைப் பகுதியில் பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு கூடுதல் கடமை உண்டு. ஆந்திரப் பதிவு கொண்ட வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், இங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அதற்கு முதற்பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. பல முறை பிரித்துச் சேர்க்கப்பட்ட புல்லட்டுகளில் பொறி வேறு வண்டியினுடையதாக இருப்பதுண்டு. எனவே விலை பேசுமுன்னரே, பொறியிலும் சட்டத்திலும் பொறித்த எண்களைப் பதிவுச் சான்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் பொருந்தாத வண்டியைப் பொறி எவ்வளவு நன்றாக ஓடினாலும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது கடினம்.