ஒரு பந்து, மூன்று வடிவங்கள்

எட்டு மாடிக் கட்டடத்தின் விளிம்பில், தரைக்கு 25 மீட்டர் மேலே நின்று ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிகிறோம். காற்றின் தடையை விட்டுவிட்டு, ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், க நொடி கழித்துப் பந்தின் உயரம்:

உ = −5க² + 20க + 25

இது பொது வடிவம். எறிந்த கணத்தின் விவரம் முழுவதும் இதில் இருக்கிறது: 25 தொடக்க உயரம், 20 தொடக்க வேகம், −5 ஈர்ப்பின் பங்கு. ஆனால் பந்து எவ்வளவு உயரம் போகும் என்பதை இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்கு வர்க்கப்பூர்த்தி, அதாவது கோவையை முழு வர்க்கமாக்கும் முறை, வேண்டும்.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி இதைப் படமாகவே வரைந்து காட்டினார். ஒரு சதுரமும் அதன் பக்கத்தைப் போல் 10 மடங்கும் சேர்ந்தால் 39 என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டினால், மூலையில் ஐந்துக்கு ஐந்து இடம் காலியாக நிற்கும். அந்த 25ஐயும் சேர்த்தால் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஆகவே சிறியதன் பக்கம் 3.

நம் பந்துக்கும் அதே வழிதான். முதலில் −5ஐ வெளியே எடுத்தால் உள்ளே க² − 4க நிற்கும். 4இல் பாதி 2, அதன் வர்க்கம் 4. அதைக் கூட்டிக் கழிக்கிறோம். கழித்த 4 அடைப்பைவிட்டு வெளியே வரும்போது −5ஆல் பெருகி +20 ஆகும். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 25உடன் சேர்த்தால்:

உ = −5(க − 2)² + 45

வர்க்கம் ஒருபோதும் குறை எண்ணாகாது. எனவே முதல் உறுப்பு உயரத்தைக் குறைக்கத்தான் முடியும். க = 2 ஆகும்போது அது பூச்சியம்; பந்து உச்சமான 45 மீட்டரில் இருக்கும்.

தரையைத் தொடும்போது உ = 0. அப்போது (க − 2)² = 9; க = 5 அல்லது −1. இதிலிருந்து காரணி வடிவம் வருகிறது:

உ = −5(க − 5)(க + 1)

பந்து 5ஆம் நொடியில் விழுகிறது. −1க்கும் பொருள் உண்டு: ஒரு நொடி முன்பே தரையிலிருந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தாலும் பந்து இதே பாதையில்தான் போயிருக்கும்.

பந்து 50 மீட்டரை எப்போது தொடும்? பொது வடிவத்தை வைத்துக்கொண்டு மூலம் தேடினால், சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் நிற்கும் தன்மைகாட்டி குறை எண்ணாக வரும்வரை கணக்குப் போட வேண்டும். இரண்டாம் வடிவத்தில் 45 என்ற எண்ணைப் பார்த்தாலே போதும்: தொடவே தொடாது. கேள்வி எதுவோ, அதற்கேற்ற வடிவத்துக்கு முதலில் மாற்றிக்கொள்வதே பாதி விடை.