சாரலும் மரத்தரையும்

குற்றாலம் என்றதும் அருவியும் சாரலும் எல்லோர் நினைவுக்கும் வரும். பெயிண்டர் மகனாகிய எனக்கோ வண்ணம் உரிந்த வராந்தாப் பலகைகளே நினைவுக்கு வருகின்றன. சித்திர சபையின் மூலிகை வண்ண ஓவியங்களுக்குக் கூரை நிழல் உண்டு. திறந்த வெளியில் கிடக்கும் மரத்தரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மரம் வெட்டுண்ட பின்னும் நீர் குடிக்கும். சாரலில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினைப் புறஊதாக் கதிர்கள் சிதைக்க, மழை கழுவிச் செல்கிறது. பலகை சாம்பல் நிறமடைவது இதனால்தான்.

எனாமலும் வார்னிஷும் மரத்தின் மேல் தோலாகப் படிகின்றன. பளபளப்புக்காக வீட்டார் அதையே கேட்கின்றனர். ஆனால் பலகையின் வெட்டுமுனையும் ஆணித்துளையும் நீரை உள்ளே விடுகின்றன. வெயிலில் அந்நீர் ஆவியாகி வெளியேற முயலும்போது மேல்தோல் கொப்புளிக்கிறது. லின்சீட் எண்ணெயோ இழைக்குள் இறங்குவது. கொப்புளிக்கத் தோல் இல்லை. சிறிது செங்காவி கலந்தால் அந்நிறமி கதிரையும் தடுக்கும். ஆனால் அடிக்கடி மீண்டும் பூச வேண்டும். பூஞ்சைக்கொல்லி சேராவிட்டால் கரும்பூஞ்சை பிடிக்கும்.

எதைப் பூசினாலும் மரம் காய்ந்திருக்க வேண்டும். மாசி, பங்குனியே ஏற்ற காலம். வீட்டார் அழைப்பதோ வைகாசியில், சீசனுக்கு ஆள் வருமுன். "ஈரம் இருக்கிறது" என்று என் தந்தையார் சொன்னால், "வேறு ஆள் இருக்கிறான்" என்பார்கள். ஆவணியில் கொப்புளம் கண்டால் பாதிக் கூலி நின்றுவிடும். அவ்வாறு நின்ற கூலியில் என் முதலாண்டுத் தேர்வுக் கட்டணமும் அடக்கம்.

அவர் விரல்முட்டியால் தட்டி, ஓசையில் ஈரத்தை அறிவார். அதை எண்ணாகச் சொல்லவும் வழியுண்டு. மரச்சிராயை எடையிட்டு, 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலைவரை உலர்த்தி, மீண்டும் எடையிட வேண்டும். இழந்த நீர் உலர் எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தூரிகையைத் தொடாதிருப்பதே நல்லது. தந்தையாரின் சொல்லை ஏற்காத வீட்டார் ஒருவேளை தராசின் சொல்லை ஏற்கலாம்.

இன்னொன்று: எண்ணெய் துடைத்த கந்தைகளைச் சுருட்டிப் போடக்கூடாது. லின்சீட் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று இறுகும்போது வெப்பம் பிறக்கிறது; சுருண்ட துணியில் வெப்பம் தேங்கித் தானே தீப்பற்றும். தந்தையார் ஒவ்வொரு துணியையும் விரித்துத்தான் காயப்போடுவார். காரணம் கேட்டதற்கு, "எங்க மேஸ்திரி சொன்னது" என்றார். இது ஆக்ஸிஜனேற்றம் என்று விளக்கினேன்.

"பேரு நல்லாத்தாம்ல இருக்கு. மொதல்ல துணிய விரி."