நாளைய பிறப்புகளின் கணக்கு

வைப்புத்தொகைக்கான வட்டியை அசல், வட்டி விகிதம் ஆகிய இரண்டையும் கொண்டு கணக்கிடுகிறோம். ஒரு நாட்டில் வரும் ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்பதையும் மக்கள்தொகை வல்லுநர்கள் ஏறத்தாழ இவ்வாறே மதிப்பிடுகின்றனர். இங்கே அசல் என்பது 15 முதல் 49 வயது வரையிலான பெண்களின் எண்ணிக்கை. அவர்களை ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவையும் அதற்குரிய பிறப்பு வீதத்தால் பெருக்கிக் கூட்டினால் ஓர் ஆண்டின் பிறப்புகள் கிடைக்கும்.

இவற்றுள் அசலைப் பெருமளவு முன்கூட்டியே அறியலாம். 2040இல் தாயாகும் வயதிலிருக்கும் பெண்கள் முன்பே பிறந்துவிட்டனர். வீதமே மாறக்கூடியது. ஆகவேதான் உயர்வு, நடுத்தரம், தாழ்வு என மூன்று மதிப்பீடுகள் தரப்படுகின்றன.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 1992-93இல் பெண்ணொருவருக்கு 3.4 குழந்தைகள் என்றிருந்த சராசரி, 2019-21இல் 2.0 ஆகிவிட்டது. ஒரு தலைமுறையை அடுத்தது ஈடுசெய்ய 2.1 வேண்டும். எனினும், அசல் வளர்ந்துகொண்டே வந்தால் விகிதம் இறங்கியதும் வட்டித்தொகை அதே வேகத்தில் சுருங்குவதில்லை அல்லவா? அதுபோல், இளம்பெண்கள் மிகுந்திருப்பதால் பிறப்புகள் மெதுவாகவே குறைகின்றன. ஏறத்தாழ 2060களின் தொடக்கத்தில் நம் மக்கள்தொகை 170 கோடியளவில் உச்சமடைந்து, பின்னர் குறையும் என்பது ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு மதிப்பீடு.

இக்கணக்கு நம் இல்லங்களையும் தொடுகிறது. நான்கு பிள்ளைகள் பகிர்ந்து சுமந்த பெற்றோரின் முதுமையை இனி ஒருவரோ இருவரோ சுமக்க நேரும். அச்சுமையைக் குறைக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பை இன்றே தொடங்குவோம்.