டயருக்குள் கரி

ரப்பர் பாலின் நிறம் வெள்ளை. கார்கள் வந்த புதிதில் டயர்களும் வெளுப்பாகத்தான் இருந்தன. சீக்கிரமே தேய்ந்தும் போயின. 1904-இல் இங்கிலாந்தின் சில்வர்டவுன் ஆலையில் எஸ்.சி. மோட் என்பவர் 'கார்பன் பிளாக்' என்னும் கரித்தூளை ரப்பரில் சேர்த்துப் பார்த்தார். ரப்பர் இறுகியது, டயரின் ஆயுள் கூடியது, நிறமும் கறுத்தது.

சூட்சுமம் தூளின் அளவில் இருக்கிறது. சாலையில் உரசும் பகுதிக்குச் சேர்க்கும் கரித்துகள் சுமார் 20 முதல் 40 நானோமீட்டர்தான். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! துகள் சிறுக்கச் சிறுக்க, ரப்பர் பற்றிக்கொள்ளும் பரப்பு பெருகும்.

1990-களில் மிஷெலின் நிறுவனம் கரிக்குப் பதில் பெருமளவு சிலிக்காவைக் கலந்தது. மணலில் இருக்கும் அதே பொருள்தான், ஆனால் நானோ அளவில். சிலிக்கா ரப்பரோடு லேசில் ஒட்டாது. 'சிலேன்' என்ற வேதிப்பொருள்தான் இரண்டுக்கும் இடையே தரகர். பலன், ஈரச்சாலையில் நல்ல பிடிமானம், எரிபொருளும் மிச்சம்.

ஆனாலும் பட்டன் தேய்ந்த டயரை எந்த நானோ துகளும் காப்பாற்றாது. மழைக்காலத்துக்கு முன் உங்கள் வண்டி டயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.